ஷாட் கெட்டால் கெட்ட வார்த்தை: ஜூனியர்களை எப்படிப் பழக்குவது?

பத்துமீட்டர்:
ஏர் ரைஃபிள் ஜூனியர் பேட்ச், 14 முதல் 17 வயது. பத்துக்குப் பதில் ஷாட் எட்டுக்குப் போனதும் கெட்ட வார்த்தை தெறிக்கிறது. ஒருவன் ஆரம்பித்தால் பக்கத்து லேன்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. திட்டினால் பத்து நிமிடம் அமைதி, அவ்வளவுதான். தண்டால் எடுக்க வைக்கலாமா?

குழல்முனை:
தண்டால் வேண்டாம் சார். கை நடுங்கும், அடுத்த ஷாட்டும் கெடும், வாய் இன்னும் நீளும்.

வார்த்தையைவிட அதோடு அசையும் உடம்பைக் கவனியுங்கள். திட்டிக்கொண்டே பக்கத்து லேன்காரனைப் பார்ப்பான். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு குழலும் திரும்பும். வசவைவிட அதுதான் பயம். சுட்ட பிறகு இரண்டு விநாடி கன்னம் ஸ்டாக்கிலேயே (ரைஃபிளின் பின்கட்டை) இருக்கணும். அப்புறம் குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே ரைஃபிளை ஸ்டாண்டில் இறக்கி, லோடு செய்யும் லீவரைத் திறந்து, கையை எடுக்கணும். பேச்செல்லாம் அதற்குப் பிறகு. அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

ஆறாம்லேன்:
இயர்மஃப் (காதை மூடும் கவசம்) போட்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. முணுமுணுத்ததாகத்தான் நினைப்பான். பக்கத்தில் டிரிகரின் முதல் ஸ்டேஜை (ஷாட் விடுபடுவதற்கு முந்தைய அழுத்தம்) அழுத்தி நிற்பவனுக்கு ஷாட் போச்சு.

இன்னொன்று, ஃபயரிங் லைனில் உரத்த குரல் 'ஸ்டாப்' சொல்லத்தான். ஆபத்தைக் கண்டவர் யாரானாலும் கத்தணும். எந்நேரமும் கூச்சலாக இருந்தால் அந்தச் சொல் காதில் ஏறாது. வாய்க்குள் ஒரு 'ச்சே' வந்தால் விட்டுவிடுங்கள்.

மஞ்சள்அட்டை:
வாய்க்கு வேறு வேலை கொடுங்கள். ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் ஸ்கிரீனைப் பார்க்கும் முன், ஷாட் எங்கே விழுந்திருக்கும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: 'ஒன்பது, இரண்டு மணிப் பக்கம்' என்கிற மாதிரி. எழுதியதும் விழுந்ததும் ஒத்துப்போனால், டிரிகர் விடும்போது நடந்ததைப் பையன் கவனித்திருக்கிறான். அடிக்கடி ஒத்துப்போகாவிட்டால் சைட்டையும் (ரைஃபிளில் குறிபார்க்கும் பாகம்) நிற்கும் நிலையையும் பாருங்கள்.

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதியையும் காட்டுங்கள். மஞ்சள் அட்டை எச்சரிக்கை, பச்சை என்றால் 2 புள்ளி போச்சு, சிவப்பு வெளியேற்றம். பச்சை நல்ல நிறம் என்று நம்பும் பிள்ளைகள் உண்டு! பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வாயும் அடங்கணும், பிள்ளைகள் பாதி அங்கேதான் பொறுக்குகிறார்கள்.

பத்துமீட்டர்:
நோட் யோசனை நன்றாக இருக்கிறது. முதல் பத்து ஷாட்டுக்கு ஸ்கிரீனையே மூடிவிடலாமா?

மஞ்சள்அட்டை:
மூடலாம், ஆனால் சைட்டிங் ஷாட் (சைட்டைச் சரிசெய்ய முதலில் சுடுவது) முடிந்த பிறகு. சைட் சரியாகாமல் மூடினால் பத்தும் ஒரே பக்கம் போய்க் கிடக்கும். ஸ்கிரீனைத் திறந்ததும் என்ன காதில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.