இர்குத்ஸ்க் வீடும் வல்கோன்ஸ்கி குடும்பமும்: பார்த்தவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள்

பைக்கால் பயணி:
1825 டிசம்பரில் ரஷ்யாவில் ஜார் மன்னருக்கு எதிராக ராணுவ அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சியும், அந்தச் சதிக்காக செர்கேய் வல்கோன்ஸ்கி தண்டிக்கப்பட்டு சைபீரியா போனதும் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். சைபீரிய நகரமான இர்குத்ஸ்கில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அவருடைய வீட்டில் பிரமிடு வடிவப் பியானோ ஒன்று இருக்கிறது. கூட்டம் முழுக்க அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பிடித்துக்கொண்டது வழிகாட்டி சொன்ன ஒரு செய்தி. வரவேற்பறையில் மனைவி மரியா ஊர்ப் பெரிய மனிதர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, கணவர் தார் வாடை அடிக்கும் உடையோடு உள்ளே வருவாராம். சந்தையில் குடியானவர்களின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவர்களோடு ரொட்டியைப் பிட்டுத் தின்பாராம். 24 வயதில் மேஜர் ஜெனரல் ஆன இளவரசர் இவர்! அந்த அறை வாசலை விட்டு நகரவே மனம் வரவில்லை. அங்கே எனக்குப் பெரியவராகத் தெரிந்தவர் அவர்தான், விருந்து நடத்தியவர் அல்ல.

நேவாக்கரை:
நான் அவரைத் தேடியது பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில். நெப்போலியனை எதிர்த்த 1812 போர்த் தளபதிகளின் கூடத்தில் 332 உருவப்படங்கள், சுவர் முழுக்க வரிசை வரிசையாக. 1826 டிசம்பரில் கூடம் திறந்தபோது வல்கோன்ஸ்கியின் படம் அங்கே மாட்டப்படவில்லை. அவர் அப்போது சைபீரியச் சுரங்கத்தில். 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அந்தப் படம் சுவருக்கு வந்தது. கழுத்து வலிக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். இளம் முகம், மார்பு நிறையப் பதக்கம். 1826 ஜூலையில் அவருடைய சீருடையைக் கழற்றித் தீயில் போட்டு, வாளைத் தலைக்கு மேல் ஒடித்தார்கள். மரண தண்டனையைக் குறைத்து 20 வருடக் கடும் உழைப்பு. அந்தப் பதக்கங்களைப் பார்க்கப் பார்க்க அந்தத் தீதான் நினைவுக்கு வந்தது.

வரலாற்று வாசகி:
பைக்கால் பயணி, மரியாவை வெறும் விருந்து நடத்துகிறவராகச் சொல்லிவிட்டீர்களே, அதை ஏற்க முடியாது. பிள்ளைகளுக்காக அவர் பிரெஞ்சில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். 1827 பிப்ரவரி, பிளகதாத்ஸ்க் சுரங்கத்துச் சிறை. இருட்டுக்குள்ளிருந்து கணவர் ஓடிவருகிறார், சங்கிலிச் சத்தம் கேட்கிறது. காலில் விலங்கு போட்டிருப்பார்கள் என்று மரியாவுக்கு அதுவரை தெரியாது. மண்டியிட்டு முதலில் விலங்கை முத்தமிடுகிறார், பிறகுதான் கணவரை.

அங்கே போக அவர் கொடுத்த விலை என்ன? 1812 போரில் போரதினோ சண்டையில் புகழ்பெற்ற ஜெனரல் ரயேவ்ஸ்கியின் மகள். 1825 ஜனவரியில் கல்யாணம், மறு ஜனவரியில் மகன் பிறந்த சில நாளில் கணவர் கைது. இனி நீ கைதியின் மனைவி, அங்கே பிறக்கும் பிள்ளைகள் அரசாங்கக் குடியானவர்கள் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். கைக்குழந்தையைக் கணவர் வீட்டாரிடம் விட்டுப் போனார். இரண்டு வயதில் அது இறந்துபோனது. ஒரு வருடத்தில் திரும்பாவிட்டால் சபிப்பேன் என்று அனுப்பிய அப்பாவும் 1829இல் போய்ச் சேர்ந்தார். மகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

மாமியாரையும் பாருங்கள். அரண்மனையில் தாய்ப்பேரரசியின் தலைமைப் பணிப்பெண். மகன் சைபீரியா போன அதே கோடையில் முடிசூட்டு விழாவுக்கு மாஸ்கோ போனார். பதவியை விடவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தண்டவாளம்:
நான் அந்த வீட்டுக்குள் கொஞ்ச நேரம்தான் இருந்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். அதே கிளர்ச்சிக்காகத் தண்டனை பெற்ற திருபெத்ஸ்கோயின் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அருங்காட்சியகத்தின் கீழ்தான். அப்புறம் ஸ்னாமென்ஸ்கி மடாலயம் போங்கள். சைபீரியாவுக்குக் கணவர்கள் பின்னால் போன மனைவிகளில் முதலில் கிளம்பிய, அவர் மனைவி எகதெரீனா திருபெத்ஸ்காயாவின் கல்லறை அங்கே இருக்கிறது. மாஸ்கோ நேரத்தைவிட இர்குத்ஸ்க் 5 மணி முந்தியது, டிக்கெட்டில் எந்த நேரம் போட்டிருக்கிறது என்று சரிபாருங்கள். குளிர்காலத்தில் போவதென்றால் காலணிதான் முக்கியம், கோட்டு அப்புறம். ரயிலில் சென்றால் ஊரில் இறங்கித் தங்குங்கள். பைக்கால் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பைக்கால் பயணி:
வாசகி அம்மா, விலங்கு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் மகள் எலேனாவை 15 வயதில் மொல்ச்சானொவ் என்ற அதிகாரிக்குக் கட்டிக்கொடுத்தது மரியாவின் பிடிவாதம். செர்கேய் எதிர்த்தார். அந்த மாப்பிள்ளை லஞ்ச வழக்கில் சிக்கி, நோயாளியாகி, 1857இல் இறந்தார். அதையும் கணக்கில் வையுங்கள்.

வரலாற்று வாசகி:
வைக்கிறேன். மகள் குடியானவர் பட்டியலிலேயே கிடந்துவிடுவாளோ என்று ஒரு தாய்க்கு இருந்த பயத்தையும் நீங்கள் வையுங்கள். 1856இல் மன்னிப்பு ஆணை வந்தபோது அதை மாஸ்கோவிலிருந்து இர்குத்ஸ்க் வரை வண்டியில் விரைந்து கொண்டுவந்தது சைபீரியாவில் பிறந்த மகன் மிகயீல்தான். இளவரசர் பட்டம் பிள்ளைகளுக்குத்தான் திரும்பியது, செர்கேய்க்குக் கொடுக்கவில்லை. மரியா 1863இல் போனார், அவர் 1865இல். இருவரையும் ஒரே ஊரில், வரன்கியில்தான் புதைத்தார்கள்.