டிரிப் டார்ச்: கலவை, வால்வு, வாஷர்

அமெரிக்கக் காட்டுத்தீ அணிகள் எதிர்த்தீ (பரவிவரும் தீயை மறிக்க அதற்கு எதிரே வைக்கும் தீ) வைக்கவும், காய்ந்த புல்லைத் திட்டமிட்டு எரிக்கவும் எடுக்கும் கருவி டிரிப் டார்ச். சாய்த்தால் எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விடும். சுமார் 5 லிட்டர் பிடிக்கும் அலுமினியத் தொட்டி, மேலே மூக்குக் குழாய், நுனியில் திரி. அவ்வளவுதான். கோளாறு பெரும்பாலும் கலவையில் ஆரம்பிக்கும். டீசல் 3 பங்குக்குப் பெட்ரோல் 1 பங்கு. வெயில் கடுமையென்றால் 4க்கு 1. பெட்ரோல் கூடினால் சொட்டு தரையைத் தொடும் முன்பே எரிந்து தீரும், சருகு பற்றாது. ஆவி குப்பென்று பிடிக்கிற ஆபத்து வேறு. டீசல் கூடினால் திரி புகைந்து புகைந்து அணையும். விளிம்புவரை நிரப்ப வேண்டாம். சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும்.

*

மேல அண்ணா சொன்ன கலவை சரி. ஆனா களத்துல பலரும் திணறுறது காற்று வால்வுலதான். எண்ணெய் வெளிய வரணும்னா அந்த அளவு காத்து உள்ள போகணும். வால்வு மூடியிருந்தா நாலு சொட்டு விழுந்து நின்னுடும். உடனே "குழாய் அடைப்பு"ன்னு கழட்ட ஆரம்பிச்சிடுவாங்க!

மாட்டுறதுலயும் கவனம் வேணும். வண்டியில கொண்டுபோகும்போது குழாய் தொட்டிக்குள்ள தலைகீழா இருக்கும். வெளிய எடுத்து, அடைப்பானைக் கழட்டி, குழாய் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி வச்சுப் பூட்டு வளையத்தை முறுக்குங்க. அடியில இருக்கிற வாஷர் காய்ஞ்சு வெடிச்சிருந்தாலோ, மரை கோணலா ஏறியிருந்தாலோ கழுத்துல கசியும். கசிஞ்ச இடத்துல தீப்பிடிச்சா தொட்டியோட மேல்பக்கமே எரியும். திரியைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி சாய்ச்சுப் பார்த்து, கழுத்தைத் துடைச்சுட்டு, ஈரம் திரும்ப வருதான்னு பாருங்க.

*

குழாயில் இருக்கும் அந்த வளைவை யாரும் சொல்லவில்லையே? அதில் தேங்கும் எண்ணெய்தான் தீ தொட்டிக்குள் திரும்பாமல் மறிக்கிறது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தாதீர்கள், குழாயையே மாற்றுங்கள்.

பற்றவைக்க: தரையில் கொஞ்சம் ஊற்றித் தீ வைத்து, நனைந்த திரியை அதில் காட்டினால் போதும். காலணியில் எண்ணெய் தெறித்திருந்தால் துடைத்துக் காயவிட்ட பிறகே தீக்குப் பக்கத்தில் போக வேண்டும். காலணியின் தோல் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

அணைக்க வாயால் ஊதக்கூடாது. தொட்டியை நிமிர்த்தி, வால்வை மூடி, திரியில் மிச்சமிருப்பது எரிந்து தீரட்டும். அவசரமென்றால் ஈரச் சாக்கால் மூடலாம். சூடு ஆறாமல் குழாயைத் தொட்டிக்குள் திருப்பி வைக்கவே கூடாது. உள்ளே நிற்பது பெட்ரோல் ஆவி.