ஆராய்ச்சி லேப்ல எலி (சுண்டெலி) ரத்தம் பார்த்தவங்க, இன்னும் மறக்க முடியாத ஒரு ரிசல்ட் இருந்தா இங்க போடுங்க

பங்சார் கவி:
ஐஜிஜி2ஏ எலைசா (ஒரு வகை ஆன்டிபாடி எவ்ளோ இருக்குன்னு கலர் வச்சு அளக்கற டெஸ்ட்) இன்னும் மனச உறுத்துது. தடுப்பூசி போட்ட பிளாக் சிக்ஸ் இன எலி, மொத்த ஐஜிஜி ஆன்டிபாடி நல்லா ஏறியிருக்கு, அதுல ஒரு வகையான ஐஜிஜி1ம் ஓகே, கடைசியா 2ஏ பிளேட்டுக்கு ஸ்டாப் சொல்யூஷன் விட்டா ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச 2ஏ) வரிசை மட்டும் பளிச்சுனு மஞ்சள், சாம்பிள் வெல் ஒண்ணுல கூட கலர் இல்ல. தடுப்பூசி டிஎச்1 (செல்லுக்குள்ள புகுந்த கிருமிய தாக்கற எதிர்ப்பு வகை, 2ஏ அதுக்கு அடையாளம்) பக்கம் போகலன்னு எழுதி முடிச்சிடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டார். ஆனா பிளாக் சிக்ஸுக்கு 2ஏ ஜீனே கிடையாது, அந்த இடத்துல இருக்கறது 2சி, பால்ப்-சின்ற இனத்துக்குத்தான் 2ஏ. ஃப்ரீசர்ல இருந்த அதே சீரத்த (ரத்தம் உறைஞ்ச பிறகு தெளியற நீர்) 2சி கிட்ல ஓட்டினேன், பிளேட் முழுக்க மஞ்சள். அந்த எலிங்க உயிர கொடுத்துச்சு, அதோட பதில நாம குப்பையில போட இருந்தோம்.

கெலுகோர் தம்பி:
எனக்கு காம்ப்ளிமென்ட், அதாவது ஆன்டிபாடி ஒட்டின செல்ல உடைக்கற ரத்தப் புரதங்க. ஆன்டிபாடி ஏத்துன ஆட்டு சிவப்பணுல சீரம் விட்டு 37 டிகிரில வச்சு சுத்தி எடுத்தோம். பிளாக் சிக்ஸ் ஆண் டியூப் ஐர் சிராப் (ரோஸ் சர்பத்) மாதிரி சிவப்பு. பெண் டியூப் வெளிறிப்போய் இருக்கு. டிபிஏ/2ன்ற இன்னொரு இனத்து டியூப்ல மேல வெறும் தெளிஞ்ச தண்ணி, செல்லு எல்லாம் உடையாம அடியில உக்காந்திருக்கு! டிபிஏ/2 ரத்தத்துல காம்ப்ளிமென்ட்ல ஒண்ணான சி5 புரதமே இல்ல, ஜீன்ல 2 டிஎன்ஏ எழுத்து விட்டுப்போச்சு, ஏ/ஜே இனத்துக்கும் அதே கதை. பெண்ணுக்கு சி5 இருக்கு, ஆனா கடைசி கட்டத்துல செல்ல ஓட்டை போடற புரதங்க ஆணவிட கம்மி. அந்த மூணு டியூப் போட்டோ இன்னும் போன்லயே வச்சிருக்கேன்.

செந்தூல் அக்கா:
கவி, சூப்பர்வைசர் மேல மட்டும் போடாதம்மா, எலி ஐஜிஜின்னாலே 2ஏன்னு சொல்லித்தான் நமக்கெல்லாம் பாடமே நடந்துச்சு. என் கதை சின்னது, ஆண் எலி மூத்திரத்துல புரதம் காட்டற ஸ்டிரிப் பச்சையாச்சு, கிட்னி போச்சுன்னு கூண்டையே ஒதுக்க வச்சாங்க, அது நோயே இல்ல, லிவர் செஞ்சு ரத்தத்துல விடற எம்யுபி, சின்ன புரதம், கிட்னில வடிஞ்சு வந்துடும், டெஸ்டோஸ்டிரோன் இருக்கறதால ஆணுக்கு ரொம்ப அதிகம். இனிமே எலி எடுக்கறவங்க கேளுங்க, ஆண் பெண் சீரத்த ஒண்ணா கலக்காதீங்க, சில இனத்துல ஆணுக்கு மட்டும் வர்ற எஸ்எல்பின்ற ரத்தப் புரதத்த பத்தி பாஸ்மோர், ஷ்ரெஃப்ளர்ன்ற ஆராய்ச்சியாளருங்க 1970லயே எழுதிட்டாங்க, அந்த இனத்து பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் போட்டா அதுக்கும் வரும். வீக்கம் (அழற்சி) பார்க்க சிஆர்பி புரதத்தோட கிட் வாங்கி காசு கரைக்காதீங்க, மனுசனுக்கு ஏறற மாதிரி எலிக்கு ஏறாது, வீக்கத்துல எலிக்கு ஏறற எஸ்ஏஏ இல்லன்னா எஸ்ஏபி புரதத்த பாருங்க, அதுலயும் டிபிஏ/2க்கு ஊசி போடாமலே எஸ்ஏபி அதிகம், பிளாக் சிக்ஸுக்கு கம்மி, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஏமாந்துடுவீங்க. இன்னொண்ணு, பால்ப்-சின்னு மட்டும் எழுதாதீங்க, அதோட ஒரு கிளையான பால்ப்-சி-ஜே வளர்ந்த பிறகும் ஏஎஃப்பி (கருவுல இருக்கறப்ப நிறைய வர்ற புரதம்) அதிகமாவே வச்சிருக்கும், அதனால கூண்டு அட்டையில முழுப்பேரு எழுதுங்க.

பங்சார் கவி:
அக்கா, பாடம் அப்படி இருந்தா சரி, ஆனா கலரே வராத பிளேட்ட பார்த்து ஏன்னு கேக்காம முடிவு எழுதச் சொன்னது எனக்கு இன்னும் ஆறல. அந்த எஸ்ஏபி விஷயம் எங்க குரூப்ல யாருக்கும் தெரியாது, காப்பி பண்ணி அனுப்பிட்டேன்.
தம்பி, டிபிஏ/2 சீரம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கா? சி5 இல்லாத கண்ட்ரோல் எங்களுக்கு வேணும். உங்க பாஸ்கிட்ட கேட்டு சொல்லு, டிரை ஐஸோட பினாங்குக்கே வந்து எடுத்துக்கறேன்.