‘ஊதிய உச்சவரம்பு’ வேண்டாம், ‘ஊதிய வரம்பு’ போதும்: கூடைப்பந்து ஒப்பந்தச் சொற்கள் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் அணிகள் தம் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டுக்கு (salary cap) நம் கலைச்சொல் குழுமத்தின் இழையில் ‘ஊதிய உச்சவரம்பு’ என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்ட நிலையில் இந்த மடலை எழுதுகிறேன். அதை ஏற்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர்களுள் நானும் ஒருவன். பயிற்சிக்கு வரும் பள்ளி மாணவர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், 2021-22 பருவத்தில் ஊதிய உச்சவரம்பு 11.24 கோடி டாலர் என்றும், அதே பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஊதியம் 17 கோடி டாலரைத் தாண்டியது என்றும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “உச்சவரம்பையே இவ்வளவு தாண்டிய அணிக்கு 2022 கோப்பையை எப்படி ஐயா கொடுத்தார்கள்?” என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. நான் கொடுத்த சொல்தான் அவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோயிற்று.

நம்மில் பலருக்கு ‘உச்சவரம்பு’ என்றதும் நினைவுக்கு வருவது நில உச்சவரம்பு. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்தது; 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அந்தச் சட்டத்திலும் விலக்குகள் இருந்தன என்பது உண்மையே. ஆனாலும் அச்சொல் மக்கள் மனத்தில் பதித்த பொருள், அதற்கு மேல் வைத்திருந்தால் மிகுதி உபரி நிலமாகிக் கையைவிட்டுப் போகும் என்பதுதான். என்.பி.ஏ.யின் ஏற்பாடு அப்படிப்பட்டதன்று. வெளி வீரர் ஒருவரை ஓர் அணி சாதாரண வழியில் ஒப்பந்தம் செய்ய வேண்டுமானால் இந்தக் கோட்டுக்குக் கீழே இடம் இருக்க வேண்டும். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வீரரைத் தக்கவைத்துக்கொள்வது முதலான சில காரியங்களுக்கு அதே கோட்டைத் தாராளமாகத் தாண்டலாம். பெரும்பாலான அணிகள் பெரும்பாலான ஆண்டுகளில் இதற்கு மேலேதான் இருக்கின்றன.

அதனால் ‘உச்ச’ என்ற அடையை நீக்கிவிட்டு ‘ஊதிய வரம்பு’ என்று மட்டும் வைக்கலாம் என்கிறேன். ‘வரம்பு’ தனியே நின்றால் பொருள் நீர்த்துப்போகும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நான் நேர்மாறாக நினைக்கிறேன். அரசு வேலைக்கான அறிவிக்கைகளைப் பாருங்கள்: ‘வயது வரம்பு’ என்று ஒரு தலைப்பு இருக்கும், அதன் கீழேயே ‘வயது வரம்பில் தளர்வு’ என்று யார் யாருக்கு எத்தனை ஆண்டு என்ற பட்டியலும் இருக்கும். வயது வரம்பைத் தாண்டிய ஒருவர் தளர்வின் பேரில் வேலைக்குச் சேர்ந்தால் அவரைச் சட்டத்தை மீறியவர் என்று யாரும் சொல்வதில்லை. வரம்பு என்றால் தளர்வும் உடன் உண்டு என்ற புரிதல் நம் அலுவலகத் தமிழில் எப்போதோ ஊன்றிவிட்டது. இலங்கை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் இதற்குத் துணை நிற்கிறது. அவர்கள் ஊரில் வயலின் வரப்பையே ‘வரம்பு’ என்கிறார்கள். வரப்பு தண்ணீரைத் தேக்கும். தேவையான இடத்தில் வாயை வெட்டிவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். அதை மதில் என்று யாரும் நினைப்பதில்லை.

இதிலிருந்தே அடுத்த சொல்லும் கிடைக்கிறது. வரம்பைத் தாண்ட அனுமதிக்கும் விதிகளை ‘விதிவிலக்கு’ என்பதைவிட ‘வரம்புத் தளர்வு’ என்பது நேரானது. இவற்றுள் முதன்மையானது பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணியின் லாரி பேர்டு பெயரால் அழைக்கப்படுவது. ஒரு வீரர் மூன்று பருவங்கள் ஓர் அணியில் தொடர்ந்து இருந்திருந்தால், அந்த அணி வரம்பைத் தாண்டியும் அவருக்கு உரிய முழு ஊதியத்தைக் கொடுத்துத் தக்கவைக்கலாம். இதைப் ‘பேர்டு தளர்வு’ என்று ஆள்பெயரோடே வைத்துக்கொள்வோம். பெயரைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் அது பறவையாகிவிடும். அகராதிப் பதிவில் ஆள்பெயர் என்று குறித்துவிடுவது நல்லது.

‘உச்சவரம்பு’ என்ற சொல்லை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு இதே விளையாட்டிலேயே வேறு வேலை காத்திருக்கிறது. நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணமும் அதுதான். சில வகை ஒப்பந்தங்களைச் செய்துகொள்ளும் அணி, அந்தப் பருவம் முழுவதும் எந்தக் காரணத்துக்காகவும் குறிப்பிட்ட ஒரு தொகையைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. 2019இல் மயாமி ஹீட் அணி பிலடெல்ஃபியாவிலிருந்து ஜிம்மி பட்லரைப் பெற்றது அப்படிப்பட்ட வழியில்தான்: பழைய அணி வீரரோடு ஒப்பந்தமிட்டு, அந்த ஒப்பந்தத்தோடு அவரைப் புதிய அணிக்கு மாற்றிவிடுவது. அந்தப் பருவத்தின் ஊதிய வரம்பு 10.91 கோடி டாலர். மயாமி அதற்கு மேலே இருக்கலாம், ஆனால் 13.89 கோடியை ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது. அதற்குள் அடங்குவதற்காக ஹசன் ஒயிட்சைடைப் போர்ட்லாண்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தாண்டக்கூடிய கோட்டுக்கும் தாண்டவே முடியாத கோட்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்தச் செய்தியைத் தமிழில் எழுதவே முடியாது. ‘மயாமி ஊதிய வரம்புக்கு மேலேயும் உச்சவரம்புக்குக் கீழேயும் இருந்தது’ என்று எழுத முடிந்தால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடும்.

தனி வீரர் ஒருவருக்குத் தரத்தக்க மிகுதியான ஊதியம் என்பது இன்னொன்று. அவர் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்து அது அணி வரம்பில் 25, 30 அல்லது 35 விழுக்காடு என்ற அளவில் அமைகிறது. இதற்கு ‘உச்ச ஊதியம்’ போதும்.

வரம்புக்குக் கீழே எஞ்சியிருக்கும் தொகைக்கு ‘வரம்பு வெளி’ என்று வந்த பரிந்துரையை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘அணிக்கு வரம்பு வெளி இருக்கிறது’ என்றால் கேட்பவர் ‘வரம்புக்கு வெளியே இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்வார்; பொருள் தலைகீழாகிவிடும். ‘வரம்பு மிச்சம்’ என்று வைத்தால் அதற்குரிய வினைச்சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. நாம் அன்றாடம் ‘மிச்சம் பிடிப்பது’ என்கிறோம் அல்லவா, அதையேதான் இந்த அணிகளின் மேலாளர்கள் செய்கிறார்கள். 2016இல் கெவின் டுரான்டை ஒப்பந்தம் செய்ய வாரியர்ஸ் அணி மிச்சம் பிடித்த விதம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தொலைக்காட்சி உரிமைப் பணம் பெருகியதால் வரம்பு 7 கோடியிலிருந்து ஒரே ஆண்டில் 9.41 கோடி டாலராகத் தாவியது. அணியின் முதன்மை வீரர் ஸ்டீஃபன் கறி, கணுக்கால் காயங்களோடு இருந்த 2012இல் போட்ட பழைய ஒப்பந்தப்படி 1.21 கோடி மட்டுமே பெற்றுக்கொண்டிருந்தார். ஆன்ட்ரூ போகட்டை டல்லாஸுக்கு அனுப்பினார்கள். ஹாரிசன் பார்ன்ஸ் மீதிருந்த உரிமையைத் துறந்தார்கள். இவ்வளவும் சேர்ந்த பிறகே டுரான்டுக்கு இடம் பிறந்தது.

‘உரிமையைத் துறந்தார்கள்’ என்று எழுதினேன். அது எந்த உரிமை என்பதை விளக்கும் சொல்தான் இந்த இழையிலேயே கடினமானது. மடலின் பெரும்பகுதியை அதற்குச் செலவிட விரும்புகிறேன்.

ஒப்பந்தம் முடிந்துவிட்ட தன் வீரரைப் பேர்டு தளர்வின்படி வரம்புக்கு மேலே போயும் தக்கவைக்கலாம் என்றால், எந்த அணியும் முதலில் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, காலியான இடத்தில் வெளி வீரரைச் சேர்த்து, பிறகு இவரைத் தளர்வின் பேரில் திரும்பக் கொண்டுவந்துவிடும் அல்லவா? அதைத் தடுக்கத்தான், அவர் கையெழுத்திடும்வரை அல்லது அணி அவர் மீதான உரிமையைத் துறக்கும்வரை, அவர் பெயரில் ஒரு தொகையை வரம்புக் கணக்கில் ஏற்றி வைக்கிறார்கள். அது யாருக்கும் கொடுக்கும் பணமன்று. இடத்தை அடைத்து வைக்கும் எண் மட்டுமே. பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் பின்னால் ஏறி வருவதைப் போன்றது.

2015 கோடையில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் இது எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சொல் தானே அமையும். கவாய் லெனர்ட் 2014 இறுதித் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர். அந்த இலையுதிர் காலத்திலேயே நீட்டிப்பு ஒப்பந்தம் பெறும் தகுதி அவருக்கு வந்துவிட்டது. அப்போதே கையெழுத்திட்டிருந்தால் அடுத்த சூலை முதல் நாளிலிருந்து அவர் பெயரில் உச்ச ஊதியமான 1.64 கோடி டாலர் கணக்கில் ஏறியிருக்கும். அவர் காத்திருந்தார். அவருடைய அதுவரையான ஊதியம் ஏறத்தாழ 29 லட்சம் டாலர். விதிப்படி அதன் இரண்டரை மடங்கான 72 லட்சம் மட்டுமே அவர் பெயரில் இடத்தை அடைத்தது. அதாவது, ஒரு வீரரின் பொறுமையால் அணிக்கு 92 லட்சம் டாலர் மிச்சமாயிற்று. அணி டியாகோ ஸ்ப்ளிட்டரை அட்லாண்டாவுக்கு அனுப்பி மேலும் இடம் எடுத்தது. 7 கோடி வரம்புக்குள் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை முதலாண்டுக்கு 1.97 கோடி என்ற உச்ச ஊதியத்தில் ஒப்பந்தம் செய்து முடித்த பிறகே லெனர்டை அழைத்து, ஐந்தாண்டுகளுக்கு 9 கோடிக்கும் மேலான ஒப்பந்தத்தில் பேர்டு தளர்வின்படி வரம்பைத் தாண்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வரிசை மாறியிருந்தால் கணக்கு பொருந்தியிருக்காது. நடுவில் முழங்கால் ஒன்று முறிந்திருந்தால் லெனர்டின் நிலை என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘துண்டுத் தொகை’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வரவுசெலவில் ‘துண்டு விழுவது’ என்றால் பற்றாக்குறை. ஊதியக் கணக்கிலேயே இந்தச் சொல்லை வைத்தால் அந்தப் பொருள் முந்திக்கொள்ளும். ‘பிடிப்புத் தொகை’ என்றால் மாதச் சம்பளக்காரர் எவருக்கும் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம்தான் நினைவுக்கு வரும். ‘நிறுத்திவைப்புத் தொகை’ யாரோ யாருக்கோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருப்பதாகப் படுகிறது. இங்கே அப்படி எந்தப் பணமும் இல்லை. என் பரிந்துரை ‘இடப்பிடிப்பு’. படம் பிடிப்பது படப்பிடிப்பு ஆனதைப் போல இடம் பிடிப்பது இடப்பிடிப்பு. முன்னால் ‘இட’ நிற்பதால் பிடித்தத்தோடு குழம்பாது. தொகையைச் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘இடப்பிடிப்புத் தொகை’ என்று நீட்டிக்கொள்ளலாம். இடப்பிடிப்பை விட்டுக்கொடுப்பதற்கு ‘உரிமை துறப்பு’ என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் உடன்பாடான சொல்.

குறிப்பிட்ட கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் அணி உரிமையாளர் கட்டும் வரியை ‘ஆடம்பர வரி’ என்றே பலர் எழுதுகிறார்கள். விடுதி அறைகளுக்கு வாங்கிய ஆடம்பர வரியை நாம் கண்டிருப்பதால் அது பழகிய சொல்தான். ஆனாலும் ‘மிகையூதிய வரி’ என்றால் எதற்கான வரி என்பது சொல்லிலேயே தெரிகிறது. நான் முதலில் சொன்ன வாரியர்ஸ் அணி அந்த ஓராண்டில் கட்டிய வரி ஏறத்தாழ 17 கோடி டாலர், அதாவது ஊதியத்துக்குச் சற்றொப்ப இணையான தொகை. அந்த மாணவரின் கேள்விக்கு விடையும் இதுதான்: தாண்டுவது குற்றமன்று, விலை கொடுக்க வேண்டும்.

என்.பி.ஏ.வுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 கூட்டு ஒப்பந்தத்தில் ஒன்று இரண்டாகிவிட்ட மேல்கோடுகள் குறித்து எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. 2024-25இல் ஊதிய வரம்பு 14.06 கோடி, வரிக் கோடு 17.08 கோடி, அதற்கு மேல் முதலாவது 17.81 கோடியிலும் இரண்டாவது 18.89 கோடியிலும் இருந்தன. இரண்டாவதைத் தாண்டிய அணி, வீரர் பரிமாற்றத்தில் இரண்டு வீரர்களின் ஊதியத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது, பரிமாற்றத்தோடு பணமும் சேர்த்து அனுப்ப முடியாது. பணத்தால் சரிக்கட்ட முடியாதபடி கைகளைக் கட்டும் ஏற்பாடு இது. இந்தக் கோடுகளுக்கான ஆங்கில மூலச் சொல் (apron) ஆடையைக் குறிப்பது என்பதற்காக ‘முன்றானை’ என்று வந்த பரிந்துரை அழகானதுதான், ஆனால் வேலைக்கு உதவாது. ‘முதல் தடைக்கோடு’, ‘இரண்டாம் தடைக்கோடு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். முதல் கோட்டில் தடைகள் சில, இரண்டாவதில் பல என்ற படிநிலை இந்தச் சொற்களில் தெரியவில்லை என்பது என் குறை. இதற்குப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றோடு எழுதுங்கள். மாணவர்களுக்கான கட்டுரையைத் திருத்தி மறுபடி அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதையும் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்.