எங்க தெருக் கயிறுகளை போட்டோ எடுக்கணும், எப்படி ஆரம்பிக்கறது?

மல்லி_யாங்கோன்:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல யாங்கோன் டவுன்ல, அனோரதா ரோடு காளி கோயில்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கேன். இங்க ஒவ்வொரு மாடியிலேர்ந்தும் ஒரு கயிறு தொங்கும், இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், நுனியில ஒரு கிளிப், மேல ஒரு மணி, பேப்பர்காரர் பேப்பரை கிளிப்ல மாட்டி ஒரு இழு இழுத்தா மேல மணி அடிக்கும், அப்பாயி மெதுவா இழுத்துக்குவாங்க. ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால சாவி, மருந்து, மல்லிப்பூ, மொஹிங்கான்னு மீன் குழம்பு நூடுல்ஸ் பார்சல் எல்லாம் கயித்துலதான் ஏறும். போன வாரம் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் கீழ நின்னு அண்ணாந்து பாத்தேன். முதல் மாடி பர்மாக்காரங்க, ரெண்டாவது சூலியா வீடு, அதாவது தமிழ் முஸ்லிம், மூணாவது நாங்க, அதுக்கு மேல சீனாக்காரங்க, அதுக்கும் மேல கரேன் இனத்து ஒரு குடும்பம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவாங்க. சாமி வேற, பாஷை வேற, கயிறு மட்டும் எல்லா வீட்டுலயும் அதே நைலான் கயிறு.

இதை எங்க பில்டிங் ஆளுங்களோட சேந்து ஒரு போட்டோ தொகுப்பா பண்ணணும்னு ஆசை. ஆனா பகோடா, மசூதி, கோயில், சர்ச் நாலையும் ஒரே ஃப்ரேம்ல அடக்கி ஒற்றுமைன்னு போடுற படம் மாதிரி ஆயிடக்கூடாது, அதுல மனுஷங்களே இருக்க மாட்டாங்க. எப்படி கேக்கறது, முகம் காட்ட மாட்டேன்னா என்ன பண்றது, படத்துக்குக் கீழ யார் எந்த மதம்னு எழுதணுமா? போன் கேமராதான் இருக்கு.

பழைய_முகல்_தெரு:
மகளே, நல்ல யோசனை. முதல் தடவை போறப்ப போனை வெளியவே எடுக்காத. வெறுங்கையோட போ, டீ குடிச்சிட்டு வா, ரெண்டாவது தடவை சொல்லு. உங்க அப்பாயியையும் கூட்டிட்டுப் போனா பாதி வேலை முடிஞ்சிது, பொம்பளைங்க கதவைத் திறப்பாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க முகம் வேணாம்பாங்க, சங்கடப்படாத, கயித்தை இழுக்கற கையை எடு, அந்தக் கையிலயே அவங்க வயசு தெரியும். இன்னொண்ணு, இப்ப இருக்கற நிலைமையில ரோட்டுல நின்னு எடுக்காத. படிக்கட்டு, பால்கனி, வீட்டுக்குள்ள, அது போதும்.

26ஆம் தெருவுல யூதர்களோட ஆலயம் இருக்கே, 1890கள்ல கட்டினது, அதை எடுக்க எங்கேர்ந்தெல்லாமோ வந்தாங்க. சுத்தி இருக்கற பெயிண்ட் கடை முஸ்லிம் வியாபாரிங்களை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, அந்த வாசலை தினம் பாத்துக்கிட்டிருக்கறது அவங்கதான்.

படச்சுருள்:
மல்லி, நீங்களே எல்லாத்தையும் எடுக்காதீங்க, அதுதான் முக்கியம். 1955ல நியூயார்க் நவீன கலை மியூசியத்துல எட்வர்ட் ஸ்டைக்கன் மனிதக் குடும்பம்னு ஒரு கண்காட்சி வச்சார், 68 நாட்டுலேர்ந்து 503 படம், பிறப்பு, கல்யாணம், வேலை, சாவு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான்னு காட்டுறது. உலகம் பூரா சுத்துச்சு, இப்போ லக்ஸம்பர்க்ல ஒரு கோட்டையில நிரந்தரமா இருக்கு. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், பாத்து கண் கலங்கியிருக்கேன். ஆனா எது போகணும்னு முடிவு பண்ணது ஸ்டைக்கனும் அவர் ஆளுங்களும், படத்துல இருக்கறவங்களுக்கு அதுல ஒரு வார்த்தை கிடையாது. மனுஷன் எங்கயும் ஒண்ணுதான்னு சொல்லும்போது அவன் ஏன் ஏழையா இருக்கான்ங்கறது காணாம போயிடுதுன்னு அப்பவே எழுதினாங்க.

அதனால போனை அவங்க கையில குடுங்க. வீட்டுக்கு அஞ்சு படம், அவங்களே எடுக்கட்டும், எதை வைக்கலாம்னு அவங்களே சொல்லட்டும், வேணாம்னா அழிச்சிடுங்க. கீழ வரியும் அவங்க பாஷையில அவங்க கையெழுத்துலயே இருக்கட்டும். மதம் எழுதவே வேணாம்ங்கறது என் அபிப்ராயம்.

பழைய_முகல்_தெரு:
தம்பி, கடைசியா சொன்னதை நான் ஒத்துக்கலை. மறைச்சிட்டா பொய்யாயிடும். 1938ல இங்க முஸ்லிம்களுக்கு எதிரா நடந்த கலவரத்துல எங்க பாட்டனார் குடும்பம் ஓடினப்ப ஒரு பர்மா வீடு கதவைத் திறந்துச்சு, பக்கத்து வீடு திறக்கலை. எங்க அத்தா ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவார். அவங்கவங்க விருப்பம், சொல்லணும்னா சொல்லட்டும், நீயா எழுதாத, நீயா அழிக்கவும் செய்யாத.

பர்மா_பஜார்_பேத்தி:
நான் சென்னையிலேர்ந்து. 1964ல பர்மாவுல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு எங்க தாத்தா கப்பல் ஏறினார், கையில கொண்டு வந்ததுல இன்னைக்கு மிஞ்சினது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். பின்னாடி திரைச்சீலைல பெயிண்ட் பண்ண ஏரி, கைக்குழந்தையா எங்க அம்மா, அவங்களைத் தூக்கி வச்சிருக்கறது எங்க பாட்டி இல்ல, கன்னத்துல தனாக்கா மரப்பட்டை அரைச்சுப் பூசின ஒரு பர்மா அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க. அவங்க பேர் என்னன்னு எங்க யாருக்கும் தெரியாது. பாட்டி இருந்தவரைக்கும் அந்தம்மான்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க, நாங்களும் கேக்காம விட்டுட்டோம். மல்லி, தயவு செஞ்சு எல்லா பிரிண்ட்டுக்கும் பின்னாடி பேரை எழுதிடு, அவங்க சம்மதிச்சா. பென்சில்ல எழுது, மை ஊறிடும்.

மல்லி_யாங்கோன்:
மாமா, அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அக்கா எழுதினதை அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசலை அவங்க. ஞாயித்துக்கிழமை மூணு வீடு ஆச்சு. சீனா பாட்டி கயித்தை எடுக்கவே இல்ல, மணியை மட்டும் எடுத்தாங்க, அது அவங்க வீட்டுக்காரர் கட்டினதாம். ரெண்டாவது மாடி ஆன்ட்டி கையும் வேணாம்னுட்டாங்க, அவங்க பையன் கூடையில முட்டை ஏறி வர்றதை எடுத்தான். அப்பாயி மேலேர்ந்து குனிஞ்சு எடுத்ததுல என் தலையும், பூவை கிளிப்ல மாட்டுற என் விரலும் தெரியுது, கொஞ்சம் ஆடியிருக்கு, ஆனா அதைத்தான் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. மதம் யாரையும் நான் கேக்கலை. கரேன் அங்கிள் மட்டும் தானே ஒரு ஜெப வரி எழுதிக் குடுத்தார், அப்படியே வச்சிருக்கேன்.

ஒரு சந்தேகம், நாலுக்கு ஆறு சைஸ்ல பிரிண்ட் போடப் போறேன், வீட்டுக்கு ஒரு செட் குடுக்கணும். மழைக்காலத்துல இங்க கிளாஸி பேப்பர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, மேட் போடலாமா?

படச்சுருள்:
மேட் போடுங்க. நடுவுல டிஷ்யூ பேப்பர் வச்சுக் குடுங்க.