ரவிக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் ஒரு மார்க்

பத்தாம்வகுப்பு அம்மா:
பெரம்பூரில் பையன் போகும் டியூஷனில் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் ரிவிஷன் டெஸ்ட். 14ஆவது கேள்வி: ‘ரவி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்.’ இதில் என்ன அணி? பையன் முதலில் சிமிலி, அதாவது உவமை, என்று எழுதி, அழித்துவிட்டு, ‘நன்’, அதாவது எதுவும் இல்லை, என்று எழுதியிருக்கிறான். அழித்த இடத்தில் தாளே மெலிந்துபோயிருக்கிறது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு இன்ட்டு. பக்கத்தில் ‘ஆஸ்... ஆஸ் வந்தால் சிமிலி!’ என்று ஆச்சரியக்குறி வேறு. ரவி அப்பா உயரம் இருக்கிறான், இதில் அணி எங்கே வந்தது?

பழைய வாத்தியார்:
31 வருடம் ஆங்கிலம் எடுத்தவன் சொல்கிறேன் மேடம். லைக் வந்தால் சிமிலி. ஆஸ்... ஆஸ் வந்தாலும் சிமிலி. மாஸ்டர் போட்டது சரி. பையனுக்குப் பரிந்து பேசாமல் படிக்கச் சொல்லுங்கள்.

முகமதி:
அப்போ ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று ஆபீசில் மெயில் போடுகிறவன் எல்லாம் கவிஞனா சார்?

பழைய வாத்தியார்:
அது வேறு, இது வேறு.

எட்டிப்பார்த்தவன்:
ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறதே. ஒப்பிடும் இரண்டும் வெவ்வேறு வகைப் பொருளாக இருக்க வேண்டும், ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போக வேண்டும். ரவியும் மனிதன், அப்பாவும் மனிதன். பனைமரம் என்றிருந்தால் சிமிலி. இவ்வளவுதான்.

பழைய வாத்தியார்:
ரென் அண்ட் மார்ட்டினை எனக்கே சொல்லித் தருகிறீர்களா? மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கியது இன்னும் அலமாரியில் இருக்கிறது, அட்டை இல்லாமல்.

முகமதி:
மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோச்சே. அதற்கு முன்பா, பின்பா?

பழைய வாத்தியார்:
1983. ரசீது வேண்டுமா? மூர் மார்க்கெட்டில் ரசீது கேட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

முகமதி:
ரசீது வேண்டாம் சார். அட்டையோடு அந்தப் பக்கமும் போய்விட்டதோ என்றுதான் கேட்டேன். போன மாதம் மிகைப்படுத்திச் சொல்லும் அணியான ஹைப்பர்பலியை ‘ஹைப்பர்போல்’ என்று எழுதியவர்தானே நீங்கள்?

பழைய வாத்தியார்:
அது டைப்பிங் பிழை.

முகமதி:
நாலு தடவையுமா?

அண்ணாநகர் அக்கா:
‘நேற்று போலவே இன்றும் பவர் கட்’ என்று வீட்டில் தினமும் சொல்கிறேன். இதுவும் உவமையணியா? அப்புறம், அது ‘ஆஸ்’ இல்லை, ‘அஸ்’. பேசும்போது அப்படி இழுக்க மாட்டார்கள்.

பழைய வாத்தியார்:
கான்வென்ட் உச்சரிப்பை கான்வென்ட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். தமிழிலேயே சொல்கிறேன், கேளுங்கள். உவமை நான்கு வழியில் தோன்றும் என்கிறது தொல்காப்பியம்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம். உயரம் வடிவத்தில் சேருமா, சேராதா? சேரும். ஆகவே ஆஸ் டால் ஆஸ் சிமிலி.

முகமதி:
அதே தொல்காப்பியத்தின் உவமவியலில் ‘உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை’ என்றும் இருக்கிறது சார். எதைக் காட்டி ஒப்பிடுகிறோமோ அது உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

பழைய வாத்தியார்:
ஏன், மகனைவிட அப்பா உயர்ந்தவர் இல்லையா?

முகமதி:
இரண்டு பேரும் ஒரே உயரம் என்பதுதானே சார் கேள்வியே!

அண்ணாநகர் அக்கா:
தமிழ் மீடியம் என்றால் ‘ஆஸ்’ என்று எழுதலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? என் வீட்டுக்காரரும் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம்தான். ‘அஸ்’ என்றுதான் சொல்வார்.

எட்டிப்பார்த்தவன்:
நான் போட்ட விளக்கத்தை யாராவது படித்தீர்களா? வெவ்வேறு வகைப் பொருள்.

பழைய வாத்தியார்:
படித்தேன். ரவி ஒரு பொருள், அப்பா ஒரு பொருள். வெவ்வேறுதான். நடுவில் ஆஸ். முன்னாலும் ஆஸ். முகமதி என்று பெயர் வைத்துக்கொண்டால் அணியிலக்கணம் வந்துவிடாது தம்பி. முகமே மதி என்பது உருவகம், நாம் பேசுவது உவமை.

முகமதி:
நான் தம்பி இல்லை. எனக்கு 52 வயது.

பழைய வாத்தியார்:
எனக்கு 60க்கு மேல். ஆஸ்... ஆஸ் வந்தால் சிமிலி.

பத்தாம்வகுப்பு அம்மா:
பொதுத்தேர்வில் பாடப்புத்தகக் கவிதை வரியைக் கொடுத்துத்தானே அணி கேட்பார்கள்? அங்கே ரவியும் வரமாட்டான், அவன் அப்பாவும் வரமாட்டார். அதை விடுங்கள். இப்போதுதான் பார்த்தேன், 15ஆவது கேள்வி ஜெராக்ஸில் பாதிதான் விழுந்திருக்கிறது. அதற்கும் ஒரு மார்க் பிடித்திருக்கிறார்கள்.

பழைய வாத்தியார்:
விழுந்த பாதியில் ஆஸ் இருக்கிறதா பாருங்கள் மேடம்.

அண்ணாநகர் அக்கா:
அஸ்.