பாதுகாப்பு உத்தரவை மீறியதாக கிரிமினல் கன்டெம்ப்ட் கேஸ்: சஃபோக் கவுன்டியில் வழக்கமாக எப்படி முடிகிறது?

தீவுவாசி:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டில் சஃபோக் கவுன்டியில் இருக்கிறான், எச்-1பி வேலை விசா. இரண்டு மாதம் முன்னால் வீட்டில் சண்டை முற்றி மனைவியின் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்து உடைத்துவிட்டான், அவள் 911-ஐக் கூப்பிட்டாள், அது ஒரு கேஸ். அவன் செய்தது தப்பு, அதில் எனக்கு வேறு கருத்து கிடையாது. அன்றே நீதிபதி ஒரு பாதுகாப்பு உத்தரவு போட்டார்: வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன், மெசேஜ் எதுவும் கூடாது.

நண்பன் வீட்டில்தான் தங்கியிருந்தான். மூன்று வாரம் கழித்து அவளே மெசேஜ் அனுப்பினாள், குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிக் கொண்டு வா என்று. மருந்துப் பையோடு வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசியிருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். அவள் கெஞ்சியும் கேட்காமல் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள். இப்போது இரண்டாம் நிலை கிரிமினல் கன்டெம்ப்ட், அதாவது நீதிமன்ற அவமதிப்பு, என்று இன்னொரு கேஸ்.

அவள் கேஸை வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்கிறாள். வாங்கினால் முடிந்துவிடுமா? இந்த மாதிரி கேஸ் பொதுவாக எப்படித்தான் முடியும், ஜெயில் உண்டா? அம்மா ஊரிலிருந்து தினமும் போனில் அழுகிறார், என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

மணிமாறன்:

நான் ஒரு கிரிமினல் வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலின் உதவியாளராக, பல வருடம் இருந்தவன். வக்கீல் இல்லை, ஆனால் இந்த வகைக் கேஸ் கட்டுகள் நிறையவே என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன.

முதலில் அந்த உத்தரவுத் தாளைக் கையில் எடுங்கள். கடைசிப் பகுதியில், பாதுகாப்பு பெற்றவரே தொடர்பு கொண்டாலும், அல்லது தொடர்புக்குச் சம்மதித்தாலும் இந்த உத்தரவு அமலில் இருக்கும், நீதிமன்றம் மட்டுமே இதை மாற்றவோ ரத்து செய்யவோ முடியும் என்று அச்சடித்திருக்கும். அதோடு, பாதுகாப்பு பெற்றவர் இந்த உத்தரவை மீறியதாக ஆகாது, அவரைக் கைது செய்யவும் முடியாது என்றும் இருக்கும். உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கிய தாள் அது. அவள் கூப்பிட்டாள் என்பதால் உத்தரவு தளர்ந்துவிடவில்லை. போலீசுக்கும் வேறு வழி இல்லை, விலகி இருக்கச் சொன்ன உத்தரவை மீறியதற்குத் தகுந்த காரணம் தெரிந்தால் கைது செய்தே ஆக வேண்டும் என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது.

வாபஸ் விஷயமும் இப்படித்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் புகார் கொடுத்தவர் கேஸை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். இங்கே அவமதிக்கப்பட்டது நீதிமன்றம், கேஸ் நடத்துவது அரசுத் தரப்பு மாவட்ட வழக்கறிஞர், அதாவது டிஏ. மனைவி சாட்சிதான். அவள் வராவிட்டாலும் போலீஸ்காரரின் உடல் கேமரா இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். செல்லுபடியாகும் உத்தரவு இருந்தது, அது அவனுக்குத் தெரியும், தெரிந்தே மீறினான், இந்த மூன்றையும் காட்டினால் போதும்.

இரண்டாம் நிலை என்பது ஏ வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். அதிகபட்சம் 364 நாள் சிறை, 1,000 டாலர் வரை அபராதம். கேஸ் சென்ட்ரல் ஐஸ்லிப்பில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் நடக்கும். மீறலின்போது மிரட்டல், அடிதடி, ஆயுதம் இருந்தாலோ, ஐந்து வருடத்துக்குள் இதே மாதிரி ஒரு தண்டனை ஏற்கெனவே இருந்தாலோ முதல் நிலையாக ஏறும். அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், சிறை நாலு வருடம் வரை போகும், ரிவர்ஹெட்டில் இருக்கும் கவுன்டி கோர்ட்டுக்கு மாறிவிடும். தம்பி கேஸ் அந்த வகை இல்லை.

இனி எப்படி முடியும் என்பது. விசாரணை வரை போவது குறைவு. நான் பார்த்தவரை பெரும்பாலும் வாய்தாவுக்கு மேல் வாய்தா, நடுவில் வக்கீலும் டிஏ அலுவலகமும் பேசிக்கொள்வார்கள், பழைய கேஸையும் சேர்த்தே பேசுவார்கள். முதல் தடவை, வன்முறை இல்லை, அவளே கூப்பிட்ட மெசேஜ் கையில் இருக்கிறது என்றால் வக்கீல்கள் முதலில் கேட்பது ஏசிடி. கேஸைத் தள்ளி வைப்பார்கள், சாதாரணமாக ஆறு மாதம், குடும்பச் சண்டைக் கேஸில் ஒரு வருடம் வரை. அந்தக் காலத்தில் எந்த வம்பும் இல்லை என்றால் தள்ளுபடியாகி ஆவணமும் சீல் ஆகும். குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். டிஏ சம்மதிக்க வேண்டும், கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்கள்.

அது கிடைக்காவிட்டால் டிஸ்ஆர்டர்லி காண்டக்ட், அதாவது ஒழுங்கீனமாக நடந்துகொண்டது, என்று குறைத்து ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். அது இந்த மாநிலச் சட்டப்படி குற்றம் என்ற கணக்கில் வராத சிறிய மீறல், கூடவே ஒரு வருட நிபந்தனை, பல சமயம் கவுன்சலிங் வகுப்பு. அதுவும் இல்லை என்றால் கன்டெம்ப்டையே ஒப்புக்கொண்டு நிபந்தனை விடுதலை, அல்லது இரண்டோ மூன்றோ வருடம் புரொபேஷன், அதாவது சிறைக்கு வெளியே அதிகாரியின் கண்காணிப்பு. அப்படி முடிந்தால் புதிய பாதுகாப்பு உத்தரவு ஐந்து வருடம் வரை நீளலாம். ஜெயில் என்பது பெரும்பாலும் திரும்பத் திரும்ப மீறியவர்களுக்கும் மிரட்டியவர்களுக்கும்தான், ஆனால் நீதிபதி ஜாமீன் பணமே கேட்க முடியாத கேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான சிறு குற்றங்களுக்குப் பண ஜாமீனை நிறுத்திய 2020 சீர்திருத்தத்துக்குப் பிறகும் குடும்ப உத்தரவு மீறலுக்கு நீதிபதி பணம் கட்டச் சொல்லலாம்.

நிலாமுற்றம்:

நான் அந்த மாதிரி உத்தரவின் மறுபக்கத்தில், பாதுகாப்பு பெற்றவளாக இருந்தவள். அண்ணா, உங்கள் பதற்றம் புரிகிறது, ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு வாபஸ் வாங்கு, இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று பேசாதீர்கள். என் மாமியார் அப்படித்தான் தினமும் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார், குழந்தையின் பெயரைச் சொல்லி அழுவார். போன் அதிர்ந்தாலே எனக்குக் கை நடுங்கும். பிறகு என் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது, சாட்சியைக் கலைப்பது தனிக் குற்றம் என்று. மூன்றாம் ஆள் வழியாகச் செய்தி அனுப்புவதையும் பல உத்தரவுகள் தடுக்கின்றன. தம்பிக்கு நல்லது செய்வதாக நினைத்து மூன்றாவது கேஸை உருவாக்கிவிடாதீர்கள்.

தம்பி மனைவிக்கு உண்மையிலேயே பயம் இல்லை, தம்பி குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. டிஏ அலுவலகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் தனியாகப் போய், தன் வாயால், முழு விலகல் உத்தரவைக் குறைத்துத் தரும்படி கேட்கலாம். தொடர்பு இருக்கலாம், ஆனால் தொந்தரவு, மிரட்டல், அடி கூடாது என்கிற அளவில் நீதிபதி மாற்றிக் கொடுப்பதுண்டு. குழந்தையைப் பார்ப்பதற்கு ஃபேமிலி கோர்ட் வழியாக நேரம் வாங்கலாம். நான் அப்படிக் கேட்கவில்லை, எனக்கு அந்தத் தாள் இருந்ததால்தான் ராத்திரி தூங்க முடிந்தது. அவள் எந்தப் பக்கம் என்பது அவளுக்குத்தான் தெரியும், அதை யாரும் அவளுக்காக முடிவு செய்யக் கூடாது.

வடகரை:

மணிமாறன் அண்ணா சொன்னதில் விசா பக்கம் விட்டுப்போயிருக்கிறது, எனக்கு அதுதான் முதல் கவலை. 1996-ல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தப்படி பாதுகாப்பு உத்தரவை மீறியது தனியாகவே நாடு கடத்தலுக்குக் காரணம், கிரீன் கார்டு இருந்தாலும். இதில் கவனிக்க வேண்டியது, தண்டனை தேவையில்லை, மிரட்டல், தொல்லை, காயத்திலிருந்து காக்கும் பகுதியை அவர் மீறினார் என்று ஒரு நீதிமன்றம் தீர்மானித்தாலே போதும். விலகி இரு என்ற நிபந்தனையையும் இதற்குள் சேர்த்தே பார்க்கிறார்கள். வக்கீல் சின்னக் கேஸ்தான், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றால் அங்கேயே நில்லுங்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அது நல்ல முடிவு, நமக்கு அப்படி இல்லை. நீதிபதி முன்னால் என்ன வார்த்தையில் எதை ஒப்புக்கொள்கிறார் என்பது பதிவாகிறது, பின்னால் குடியேற்ற அதிகாரிகள் அதைத்தான் எடுத்துப் படிப்பார்கள்.

2010-ல் பாடிலா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்றது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள், கோர்ட் ஏற்பாடு செய்த வக்கீலாக இருந்தாலும். முடிந்தால் குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் காட்டுங்கள், டிஏ சொல்வதற்குச் சரி என்று தலையாட்டுவதற்கு முன்பே. அப்புறம், ஏசிடி கிடைத்து எல்லாம் சீல் ஆனாலும் அடுத்த தடவை விசா படிவத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும்.

தீவுவாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தோம், மணிமாறன் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே அவன் கையெழுத்து. அவன் இப்போதுதான் முழுசாகப் படிக்கிறானாம். நிலாமுற்றம், அம்மாவிடம் மருமகளைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபப்பட்டார், பரவாயில்லை. ஒரே ஒரு சந்தேகம், அவள் அனுப்பிய மெசேஜை டிஏ-விடம் நாங்களே அனுப்பலாமா?

மணிமாறன்:

வேண்டாம். அழிக்காமல், எதையும் மாற்றாமல், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி படமெடுத்து உங்கள் வக்கீலிடம் மட்டும் கொடுங்கள். எப்போது, யாரிடம் காட்டுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவள் மறுபடி மெசேஜ் அனுப்பினால் பதில் போடாமல் அதையும் அப்படியே வக்கீலுக்கு அனுப்புங்கள். குழந்தைக்கு மறுபடி உடம்பு சரியில்லை என்று வந்தாலும் அவன் போகக் கூடாது. மருந்தை நண்பரின் மனைவி கொண்டு போய்க் கொடுக்கலாமா, அது உத்தரவை மீறுமா என்பதையும் இப்போதே வக்கீலிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.